தறிக்குழியில் விழுந்த டச் ஸ்க்ரீன்

போன வாரம் காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பது எப்படி என்று இங்கே ஏகத்துக்கும் டிப்ஸ் கொடுத்திருந்தேன். ‘பொய் சொல்லாத... நீ ஏறுற ஸ்டாப்புக்கு வரும்போதே பஸ் ஃபுல்லு. தினமும் ஃபுட்போர்டு பக்கத்துலதானே நிக்கிற?’ என்று சக பயணிகள் மானத்தை வாங்கிவிட்டார்கள். ஸோ, இந்த வாரம் நோ பில்டப்பு. முழுக்க முழுக்க நான் பல்பு வாங்கிய கதை.

செமஸ்டர் லீவில் சின்னாளப்பட்டி வந்திருந்தேன். திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் வந்தால் எங்க ஊர். பேரைக் கேட்டதும் ‘எங்கப்பா இருக்கு?’ என்று ‘ஙே’ என்று விழிப்பவர்கள், உங்க அப்பத்தாவிடம் ‘சின்னாளப்பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் பல்பு எரியும். காஞ்சிப் பட்டுக்குக் காசு பத்தாத வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் ஒரு காலத்தில் மினுமினுத்தது எங்க ஊர் செயற்கைப் பட்டு. அப்புறம் சுங்குடி. எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் ‘டக்கு டக்கு’ என்று விழுந்துகொண்டே இருந்த ஊர். இப்போது அந்தச் சத்தத்தைத் தேடித்தான் போக வேண்டும். எங்க வீட்டில் மட்டும் இன்னும் கேட்கும். தாத்தா. வயசு எழுபத்தி நாலு.

விஷயத்துக்கு வர்றேன். தாத்தா தறியில் உட்கார்ந்திருக்கிறார். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது. எனக்குள் இருந்த டைரக்டர் சட்டென்று முழித்துக்கொண்டார். இந்த ‘டக்கு டக்கு’க்கு மேலே ஒரு குத்து பீட்டைப் போட்டு ரீல்ஸ் விட்டால் பிச்சிக்கிட்டுப் போகுமே! சைடு ஆங்கிள் எடுத்தாச்சு, க்ளோஸப் எடுத்தாச்சு. டாப் ஆங்கிள்தான் பாக்கி. தறிக்கு மேலே குறுக்கே போகும் சட்டத்தில் மொபைல் ஹோல்டரை மாட்டி, ஃபோனை அதில் செருகி, ‘தாத்தா, ஸ்டார்ட்!’ என்றேன்.

மூணாவது தட்டுக்கே தறி ஆடிய ஆட்டத்தில் ஹோல்டர் கழன்றுவிட்டது.

நேரா பாவு மேலே விழுந்தது. ஹோல்டரின் கிளிப், நெய்ய வேண்டிய இழைகளை ஒரு கொத்தாக அறுத்துக்கொண்டு சரிந்தது. ஃபோன் அந்த ஓட்டை வழியாகவே தறிக்குழிக்குள் போனது. தாத்தா ரிதம் மாறாமல் மிதியை அமுக்கினார். ‘கிர்ர்ரக்!’

அந்தச் சத்தத்தை உங்களில் யாராவது கேட்டிருந்தால் என் வலி புரியும். பதினெட்டாயிரம் ரூபாய் ஃபோன், மக்கா. ஏழு டியூ இன்னும் பாக்கி.

தாத்தா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழியில் இருந்து ஃபோனை எடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். டிஸ்பிளேயில் சிலந்தி வலை. அப்புறம் அறுந்த இழைகளைப் பார்த்தார். ‘அறுபது இருக்கும் போல’ என்றார். அவ்வளவுதான் ரியாக்‌ஷன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. அண்ணன் ஒருத்தர் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஒன்பதாயிரத்து இருநூறு ஆகும்மா’ என்றார். பாதி விலை! ‘இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, வட்டி இல்லாத இஎம்ஐ இருக்கு’ என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அதாவது, ஓடாத ஃபோனுக்கு ஏழு டியூ, ஓடுற ஃபோனுக்குப் பன்னிரண்டு டியூ, ரெண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். எகனாமிக்ஸ் எனக்கு ஓப்பன் எலெக்டிவ்தான். ஆனாலும் அந்தக் கணக்கு புரிந்தது. ஃபோனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் அப்பீட்டு.

வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தாத்தா பாவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அறுந்த இழையை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இழைக்கு ஒரு முடிச்சு. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நுனி எங்கே கிடக்கிறது என்று தேடி எடுத்துக் கையில் கொடுக்கிற வேலை எனக்கு. அபராதம் மாதிரி. அறுபத்து மூணு இழை. காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் போக, நாலு மணிக்கு முடிந்தது. செலவு, பழைய நூலில் நாலு முழம். அப்புறம் ‘டக்கு டக்கு.’ எங்கே அறுந்தது என்று நானே தேடினாலும் தெரியவில்லை.

ரெண்டும் ஒரே நேரத்தில், ஒரே கிளிப்பால் உடைந்தன. ஒன்று சாயந்திரத்துக்குள் ஓடியது. இன்னொன்று என் பையில் கிடந்தது. இதில் எது ‘டெக்னாலஜி’ என்று என்னைக் கேட்காதீங்க பாஸ். நான் தேர்டு இயர்தான்.

அப்பா பீரோவைத் திறந்து ஒரு பொக்கிஷத்தை எடுத்துக் கொடுத்தார். நோக்கியா 1100. 2003-ல் வந்த மாடல். உலகம் பூராவும் 25 கோடிக்கு மேல் விற்றது. இதுவரை அதிகம் விற்ற ஃபோன்கள் என்று யார் லிஸ்ட் போட்டாலும் உச்சத்தில் வந்து நிற்கும். ஒரு டார்ச், ஒரு பாம்பு கேம், அவ்வளவுதான் ஆளு. என் ஜியோ சிம் அதில் எடுபடாது, அதுக்கு 4ஜி வேணும். அம்மாவின் பழைய பிஎஸ்என்எல் சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகினால்... டொய்ங்ங்! உயிர் வந்துவிட்டது. ரெண்டு கை குலுக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் அப்பா முகத்தில் வந்த சிரிப்பு, எனக்குச் சீட் கிடைத்த அன்றுகூட வரவில்லை.

முதல் ரெண்டு நாள் நரகம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கட்டை விரல் தானாக மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. பாத்ரூமுக்குப் போனால்கூடக் கையில் எதையோ விட்டுவிட்டு வந்த ஃபீலிங். ‘என்னத்தா, விரல்ல சுளுக்கா?’ என்று அப்பத்தா விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்துவிட்டது. (எப்படிச் சொல்லிப் புரிய வைப்பேன்?)

மூணாம் நாள் வேறு வழியில்லாமல் தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கும் என்டர்டெயின்மென்ட் உண்டு. தறிக் கம்பத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ரேடியோ. கோடை எஃப்.எம்., 100.5. கொடைக்கானல் உச்சியில் இருந்து வருவதால் தென் மாவட்டங்களில் பாதி ஊருக்கு அது எடுக்கும். என்ன பாட்டு வரப்போகிறது என்று நமக்குத் தெரியாது. ஸ்கிப் பண்ண முடியாது. பிடிக்காத பாட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ‘அடுத்தது வரும்ல’ என்றார். எனக்கு மூணு செகண்டில் பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிட்டுத்தான் பழக்கம். முதல் நாள் கடுப்பாக இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் கவனித்தேன். பாட்டுக்காக அவர் கை நிற்பதே இல்லை. ரீல்ஸ் பார்த்துக்கொண்டே என்னால் ஒரு வெங்காயம்கூட உரிக்க முடிந்ததில்லை.

‘தாத்தா, இந்த ரேடியோ எப்ப வாங்கினீங்க?’

‘இது நாலாவது. மொத ரேடியோ எழுபத்தஞ்சுல. டிரான்சிஸ்டரு.’

அவ்வளவுதான். உள்ளே அடுப்படியில் இருந்து அப்பத்தா ஆரம்பித்துவிட்டது. ‘கேளு, நல்லாக் கேளு! தீபாவளிக்குச் சேலை எடுக்க வச்சிருந்த காசு அது. போனவரு ரேடியோவத் தோள்ல மாட்டிக்கிட்டு வர்றாரு, மாப்பிள்ளையாட்டம். அதும் முழுக்காசு குடுக்கல. மாசம் பத்து ரூவா தவணை!’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘அப்ப நீங்களும் இஎம்ஐ பார்ட்டிதானா தாத்தா?’

தாத்தா வெட்கப்பட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலங்கை வானொலி கேட்பதற்காக வாங்கினாராம். அந்தக் காலத்தில் ரேடியோ வாங்கினால் மட்டும் போதாது, போஸ்ட் ஆபீசில் போய் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தக் கதை முழுசாக முடிந்தது. இவர் முதல் வருஷம் கட்டவில்லை. செக்கிங் வருவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ரேடியோவைத் தறிக்குழிக்குள் ஒளித்து வைத்தாராம். அதே குழி! எங்க வம்சத்துக்கே கேட்ஜெட்டும் அந்தக் குழியும் ராசி போல.

ஸோ மக்களே, ‘அந்தக் காலத்துல நாங்கள்லாம் எதுக்கும் ஆசைப்படாம...’ என்று இனிமேல் உங்க வீட்டில் யாராவது ஆரம்பித்தால், பாட்டியிடம் தனியாகப் போய் விசாரியுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம் மாட்டும்.

நாலாம் நாள் காந்திகிராமத்துக்குப் போனேன். சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு அது அடுத்த தெரு மாதிரி. ஸ்கூல் தோழி ஒருத்தி அங்கே யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். வாட்ஸ்அப் இல்லாததால் முன்கூட்டியே சொல்லாமல் போய் நின்றேன். அவளுக்கு கிளாஸ். ஒரு மணி நேரம் மரத்தடியில் காத்திருந்து, போரடித்து, அவள் பையில் இருந்த புத்தகத்தைப் பிரித்தேன். அதில் மாட்டினார் ஜி.ராமச்சந்திரன்.

இவரும் டாக்டர் சௌந்தரமும் சேர்ந்துதான் 1947-ல் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள் என்பது எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மூணாங்கிளாஸிலேயே தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. 1924 கடைசியில், சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் டெல்லியில் காந்தியைப் பார்க்கிறார். சும்மா கும்பிட்டுவிட்டு வரவில்லை. கேள்வி மேல் கேள்வி. கலையைப் பற்றிக் கேட்கிறார். ‘எல்லா மெஷினையுமே எதிர்க்கிறீர்களா?’ என்று கேட்கிறார். கடைசியாக, கல்யாணத்துக்கு எதிரியா என்று வேறு கேட்கிறார்! அந்தப் பேச்சை மகாதேவ் தேசாய் எழுதி, நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்தது. ராமச்சந்திரன் பிறந்தது 1904 அக்டோபர். அப்படியானால் அந்தக் கேள்விகளைக் கேட்டபோது அவருக்கு வயசு இருபது. என் வயசு! நான் இருபது வயசில் எங்க ஹெச்.ஓ.டி.யிடம் கேட்ட ஒரே கேள்வி, ‘சார், இன்டர்னல் மார்க் எப்ப போடுவீங்க?’

காந்தி சொன்ன பதில், நாம் நினைக்கிற மாதிரி ‘மெஷினே வேண்டாம்’ இல்லை. மனித உடம்பே ஒரு நுணுக்கமான மெஷின், ராட்டையும் மெஷின், பல் குத்துகிற குச்சிகூட மெஷின், எனக்கு அது பிரச்னை இல்லை, அதன் மேல் பிடிக்கிற பைத்தியம்தான் பிரச்னை என்கிறார். நல்ல மெஷினுக்கு உதாரணமாக அவர் கை காட்டியது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், சிங்கர் அன்பினால் கண்டுபிடித்தது என்று சிலாகிக்கிறார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் குறுக்கே வர்றேன். சிங்கர் அப்படிப்பட்ட ரொமான்டிக் ஹீரோ எல்லாம் இல்லை. ஒரே சமயத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் குழந்தைகள்... ஆளு வேற டைப்பு. இன்னொரு விஷயம், 1850-களிலேயே மெஷினைத் தவணைக்கு விற்க ஆரம்பித்தது அவருடைய கம்பெனி. கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாசா மாசம். தாத்தாவின் டிரான்சிஸ்டர், என் மொபைல் எல்லாத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர்களும் உண்டு. காந்திக்கு யாரோ தப்பான கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அவர் கேட்கச் சொல்கிற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. இது யாருடைய எந்தக் கஷ்டத்தைக் குறைக்கிறது? என் 108 மெகாபிக்ஸல் கேமராவை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லாமல் டாபிக்கை மாற்றிக்கொண்டேன்.

ராமச்சந்திரன் கல்யாண மேட்டர் என்னாச்சு என்று நீங்க கேட்பீங்கன்னு தெரியும். சௌந்தரம், டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயசிலேயே கணவரை இழந்து, அதுக்கு மேல் டெல்லியில் டாக்டருக்குப் படித்தவர். ராமச்சந்திரனும் இவரும் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. காந்தியிடம் போனால் அவர் வைத்த டெஸ்ட் என்ன தெரியுமா? ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளக் கூடாது, கடிதம்கூடப் போடக் கூடாது. அதுக்கப்புறமும் மனசு மாறவில்லை என்றால் கல்யாணம். ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, 1940-ல் கல்யாணம் நடந்தது. ‘லாஸ்ட் சீன்’ மறைத்து வைத்ததற்கே பிரேக்கப் ஆகிற கோஷ்டியில் இருந்துகொண்டு இதை எழுதக் கை கூசுகிறது.

இன்னொரு சமாச்சாரம்தான் எனக்குள் இருந்த இன்ஜினீயரைத் தட்டி எழுப்பியது. 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. சிறப்பான ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்து லட்சம். கண்டிஷன்களைப் படித்தால், நம்ம ப்ராஜெக்ட் கைடு எல்லாம் பச்சைக் குழந்தை. மெஷின் எடை குறைவாக இருக்க வேண்டும். குடிசைக்குள் வைத்துக் கையாலோ காலாலோ ஓட்ட முடிய வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் ஓட்டினாலும் உடம்பு ஓய்ந்துபோகக் கூடாது. விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. அப்புறம் வருது பாருங்க... அவ்வப்போது சர்வீஸ் பண்ணினால் இருபது வருஷம் நிற்காமல் ஓட வேண்டும்!

கடைசி வரை அந்த லட்சத்தை யாரும் வாங்கவில்லை. அதில் ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம் அந்த ‘எட்டு மணி நேரம்... உடம்பு ஓய்ந்துபோகக் கூடாது’தான். நாங்கள் மூணு வருஷமாக டிசைன் பேப்பர் படிக்கிறோம். லோடு, ஸ்ட்ரெஸ், எஃபிஷியன்சி எல்லாம் போடுகிறோம். ஓட்டுகிறவருக்குச் சாயந்திரம் முதுகு வலிக்குமா என்று ஒரு கேள்விகூட யுனிவர்சிட்டி பேப்பரில் வந்து நான் பார்த்ததில்லை. பிறகு வந்த ‘அம்பர் சர்க்கா’வின் பேரே அதைக் கண்டுபிடித்த நம்ம தமிழ்நாட்டு ஏகாம்பரநாதனின் பேரில் பாதிதான் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளாஸ் முடிந்து தோழி வந்தாள். ‘ரொம்ப நேரமா வெயிட் பண்றியா, சாரிடி’ என்றாள். அட, மணி ஒன்றரை ஆகியிருந்தது.

சரி, இதுவரைக்கும் ஜாலி. இனிமேல்தான் மேட்டர்.

வீட்டில் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஃபைனல் இயர் வரப்போகிறது. ப்ராஜெக்ட், பிளேஸ்மென்ட் டெஸ்ட் எல்லாத்துக்கும் லேப்டாப் வேண்டும். இருக்கிற லேப்டாப் சித்தப்பா பையனுடையது. சார்ஜரைப் பிடுங்கினால் செத்துவிடும். அப்பாவின் பிளான் இது: தறியை எடுத்துவிடலாம். பழைய மரம் வாங்குகிறவர் ஒருத்தர் இருக்கிறார். வருகிற காசோடு கொஞ்சம் கடன் போட்டு லேப்டாப். குழியை மூடித் தரை போட்டால் எனக்குப் படிக்க ஒரு ரூமும் ஆச்சு. ‘அப்பாவுக்கும் வயசாச்சுல்ல. மூணு நாள் ஒக்காந்தா ஒரு சேலை. ஆயிரம் சொச்சம் கூலி. எதுக்கு இந்தக் கஷ்டம்?’

எல்லாமே நியாயம். அதுதான் பிரச்னை.

எங்க தறி மேலே ஒரு ஜக்கார்டு பொட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். எந்த இழை மேலே போகணும், எது கீழே இருக்கணும் என்று ஓட்டை சொல்லும். ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் செய்தது. அந்த அட்டை ஐடியாவைத்தான் பாபேஜ் தன் மெஷினுக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். ஹாலரித் அட்டையில் ஓட்டை போட்டே 1890-ல் அமெரிக்க ஜனத்தொகையை எண்ணினார். அவர் கம்பெனியும் வேறு சிலவும் சேர்ந்ததுதான் பின்னாடி ஐபிஎம் ஆனது. இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயரில் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியவள்தான் நான். பரீட்சை ஹாலில் ஜக்கார்டு என்று எழுதியபோது, எங்க வீட்டு நடுக்கூடத்தில் அந்தப் பொட்டி தொங்குகிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. இப்போது லேப்டாப் வாங்க, லேப்டாப்பின் கொள்ளுத் தாத்தாவை எடைக்குப் போடப்போகிறோம்.

‘தறியை விக்கக் கூடாது’ என்று ஒரு டயலாக் ரெடி பண்ணி வைத்திருந்தேன். பின்னணி இசையோடு. தாத்தாவிடம் போய், ‘நீங்க கவலைப்படாதீங்க, நான் பேசறேன்’ என்றேன்.

‘எதுக்கு? குடுத்துரலாம்னு நானும்தான் சொன்னேன்’ என்றார் தாத்தா.

டமால்! ஹீரோயின் அவுட்.

‘ஏன் தாத்தா? உங்களுக்கு இதுல சந்தோஷம் இல்லையா?’

அவர் சிரித்தார். ‘சந்தோஷத்துக்கா தாயி தறியில ஒக்காந்தேன்? பன்னெண்டு வயசுல எங்கப்பா இறக்கி விட்டாரு, இறங்கினேன். ஒங்கப்பன இதுல ஒக்கார விடக்கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். முட்டி என்னா வலி வலிக்கும்னு ஒனக்குத் தெரியுமா?’

தெரியாது. ரீல்ஸில் முட்டி வரவில்லை. நான் எடுத்த ஆங்கிள் எதிலுமே வரவில்லை.

கொஞ்ச நேரம் நெய்தார். அப்புறம் அவராகவே, ‘ஆனா மத்தியானத்துல ஒரு ஒரு மணி நேரம் இருக்கும் பாரு... கை தானா ஓடும். நாடாவும் தெரியாது, மிதியும் தெரியாது. ரேடியோவுல என்ன பாடினான்னு கேட்டா சொல்லத் தெரியாது. அது இல்லைன்னா அந்த நேரத்த என்ன பண்றதுன்னுதான் தெரியல. டிவியில சும்மா அழுதுக்கிட்டே இருக்காளுக’ என்றார்.

எனக்கு அப்படி ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று யோசித்தேன். ஃபோனிலும் நேரம் போவது தெரியாது, நிஜம்தான். ஆனால் வைத்துவிட்டு எழுந்தால் தலை கனக்கும். என்ன பார்த்தோம் என்பதும் ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு தடவை, ரெண்டாம் வருஷம் லேபில், ஒரு புரோகிராமில் ‘பக்’ பிடிக்க உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இருட்டிவிட்டது. லேப் அசிஸ்டென்ட் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோதும் ஜாலியாக இருந்தது. தாத்தா சொல்வது அதுதானா? தெரியலை. அவருக்கு அது தினமும் கிடைக்கிறது, முட்டி வலியோடு சேர்த்து. நான் போகப்போகிற வேலையில் கிடைக்குமா என்று எந்த சீனியரிடம் கேட்டாலும், ‘பேக்கேஜ் எவ்ளோன்னு மொதல்ல கேளுடி’ என்கிறார்கள். அதுவும் தப்பில்லை. அப்பாவின் கடனை அந்த ஒரு மணி நேரம் அடைக்காது.

மரக்காரர் வந்தார். கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், சட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஏழாயிரம் என்றார். ஜக்கார்டு பொட்டியின் இரும்பை எடைக்கு எடுத்துக்கொள்வாராம். ‘அட்டை வேணாம், கழிச்சுக் கட்டிருங்க’ என்றார். டிசைனுக்கு மட்டும் விலை இல்லை. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏழாயிரத்தில் லேப்டாப்பின் கீபோர்டு பக்கம்தான் வரும். ஆனாலும் தலையை ஆட்டினார்.

தாத்தாதான், ‘பாவுல இன்னும் ரெண்டு சேலை கெடக்கு. அறுத்துட்டுத்தான் குடுப்பேன்’ என்றார். மரக்காரர், சரி, பத்து நாள் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார்.

லீவு முடிந்து நான் காலேஜ் வந்துவிட்டேன். ஹாஸ்டலில் நோக்கியா 1100-ஐப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த மகராசிகள், கரன்ட் போனதும் ‘ஏய், டார்ச் அடிடி’ என்று என் ரூமுக்குத்தான் ஓடி வந்தார்கள். டிஸ்பிளே மாற்ற இன்னும் காசு சேரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அஸைன்மென்ட் தேதி மாறியது தெரியாமல் ஒரு அஸைன்மென்ட்டுக்கு ஜீரோ. ஆக, ஃபோன் இல்லாத வாழ்க்கை சொர்க்கம் என்று மட்டும் நான் எழுத மாட்டேன், சாமி! லேப்டாப்புக்குப் பதிலாக டிபார்ட்மென்ட் லேப். எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும், ஹாஸ்டல் மெஸ்ஸை எட்டே காலுக்கு மூடுவார்கள். ஓட்டப்பந்தயத்தில் எனக்கு இப்போது நல்ல எதிர்காலம் தெரிகிறது.

பதினோராம் நாள் ராத்திரி ஃபோன். அப்பா.

‘மரக்காரர் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு பாப்பா.’

‘ஏம்ப்பா? ரேட்டு ஒத்து வரலையா?’

‘அதெல்லாம் இல்ல. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்துல தாத்தா புதுப் பாவு வாங்கிட்டு வந்து பழசோட பிணைச்சுட்டாரு. ஏழு சேலைப் பாவு. பாவு கெடக்கற தறிய எப்படிக் குடுக்கறதுங்கறாரு.’

அப்பா குரலில் கோபம் இருக்கிறதா, சிரிக்கிறாரா என்று அந்த டப்பா ஸ்பீக்கரில் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் அப்பத்தா சத்தம் போடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. எழுபத்தஞ்சாம் வருஷத்து ரேடியோ வரைக்கும் போய்விட்டது.

‘அப்ப லேப்டாப்பு?’ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

‘இந்தா, தாத்தா ஏதோ பேசணுமாம்’ என்று கொடுத்தார்.

‘தாயி, சனிக்கெழம லீவுதான? வந்துட்டுப் போ. பிணைச்சதுல கொஞ்சம் இழை விட்டுப்போச்சு. நுனி எங்க கெடக்குன்னே எனக்குத் தெரியல.’

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பஸ். இந்தத் தடவையாவது ஜன்னல் சீட் கிடைக்குதான்னு பார்க்கணும்.